மார்குளோப் தக்காளி



தக்காளி என்னும் பெயர் நமக்குப் பழையது. அப்பெயரால் இன்று நாம் அழைக்கும் பழமோ புதியது. மணத்தக்காளி நம் முன்னோர் அறிந்த செடி. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் காட்டுச் செடியாகத் தோன்றி, மெக்சிக்கோவில் தோட்டப் பயிராகி, இசுப்பானியரின் கப்பல்களில் ஏறி உலகைச் சுற்றிவந்த சிவந்த பழமொன்று நம் கரையை அடைந்தபோது, நம்மவர் புதுப் பெயர் தேடி அலையவில்லை. பழைய உறவினரின் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டனர். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் அப்பெயர் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியனவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. இந்த உறவு முறையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னர் நோய்களைப் பற்றிப் பேசும்பொழுது இது நமக்கு வேண்டியிருக்கும்.

தக்காளியில் இனங்கள் எண்ணிறந்தன. அவற்றுள் மார்குளோப் என்னும் ஓரினத்தை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்கிறேன். இலங்கையிலும் பல்லாண்டு பயிரிடப்பட்ட இனம் அது. உருண்டை வடிவம், ஆழ்ந்த சிவப்பு, தடித்த சதை, வழுவழுப்பான தோல், ஒரு பழம் ஏறக்குறைய 150 கிராம் நிறை. இவை அதன் அடையாளங்கள். கன்று நட்டு 70 முதல் 80 நாள்களில் முதற் பழம் கைக்கு வரும்.

இவ்வினத்தின் வரலாறு சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தக்காளித் தோட்டங்களை இரண்டு நோய்கள் வாட்டின. ஒன்று, பியூசேரியம் என்னும் பங்கசினால் உண்டாகும் வாடல் நோய். அப்பங்கசு மண்ணுக்குள் ஆண்டுக்கணக்காக உயிர்வாழ்ந்து, வேர் வழியே புகுந்து செடியைக் கொல்வது. மற்றையது ஆணித்தலை நோய். ஆணியின் தலை போன்ற புள்ளிகள் பழத்தின் மேல் விழுந்து, சந்தைக்கு அனுப்பிய சரக்கை வழியிலேயே பாழாக்கிவிடும். அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தில் பணியாற்றிய பிரடெரிக் பிரிச்சார்ட் என்னும் தாவரநோய் அறிஞர் இதற்கு மருந்து தேடவில்லை, செடியைத் தேடினார். பிரெஞ்சு நாட்டு இனம் ஒன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ‘மார்வெல்’ என்பது நோயைத் தாங்க வல்லது. ‘குளோப்’ என்பது நல்ல உருவமும், தூர இடத்துக்கு அனுப்பத்தக்க உறுதியும் உடையது. இவ்விரண்டையும் கலந்து, பிறந்த சந்ததிகளை நோய் நிறைந்த மண்ணிலேயே வளர்த்து, தாங்கி நின்றவற்றை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து, 1925இல் ஓரினத்தை வெளியிட்டார். மார்வெல்லின் ‘மார்’ முன்னே நிற்க, ‘குளோப்’ பின்னே சேர்ந்து பெயர் ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் புளோரிடாத் தோட்டங்களில் அது முதலிடம் பெற்றது. பிரிச்சார்ட் 1931இல் காலமானார். ஆனால் அவருடைய செடி மேலும் பல இனங்களுக்குத் தாயாயிற்று. 1934இல் நியூ ஜேர்சியில் லைமன் ஷெர்மர்ஹோர்ன் வெளியிட்ட ‘ரட்கேர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற இனத்துக்கும் ஒரு பெற்றோர் மார்குளோப்பே.

இப்பழைய இனத்தைப் பற்றி இன்று பேசுவானேன் என நீங்கள் கேட்கலாம். கடைகளில் அழகிய பொட்டலங்களில் கலப்பின விதைகள் கிடைக்கின்றன. அவை விளைவிலும் பல நோய்களை எதிர்ப்பதிலும் மார்குளோப்பை மிஞ்சக்கூடியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பழத்திலிருந்து எடுத்த விதையை அடுத்த போகத்துக்கு இட்டால், தாயைப் போன்ற செடி வாராது. ஒன்று உயரும், ஒன்று குட்டையாகும், பழங்கள் பலவாறாகும். ஆகவே ஒவ்வொரு போகமும் கடைக்குப் போகவேண்டும். மார்குளோப் அப்படியன்று. முறையாக எடுத்த விதை தாயையே தரும். 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபொழுது, இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வீட்டுப் பானைக்குள் விதை வைத்திருந்த கமக்காரருக்கு அவ்வளவிலேனும் ஒரு கவலை குறைந்திருந்தது. பெருந்தோட்டம் செய்பவர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று பரப்பு நிலத்தில் பயிர்செய்யும் குடும்பத்தையும், கிணற்றடியில் பத்துக் கன்று வைக்கும் இல்லத்தரசியையும் மனத்திற்கொண்டே இதைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டு மண்ணையும் அதன் காலநிலையையும் வைத்துச் செய்கை முறையைக் கூறுகிறேன். மலைநாட்டில் உள்ளோர் ஒன்றை மாத்திரம் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே மண் புளிப்புத் தன்மையுடையது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னர் சுண்ணாம்பு இட்டுக் கொத்தவேண்டும். சுண்ணக்கல்லின் மேற் படிந்துள்ள நம் மண்ணுக்கு அது வேண்டியதில்லை.

தக்காளிக்குப் பகல் வெயில் வேண்டும். இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவு வெப்பம் 24 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் மகரந்தம் வலுவிழக்கிறது, பூ உதிர்கிறது. ‘செடி கொழுகொழுவென்று நிற்கிறது, காய்தான் இல்லை’ என்று சித்திரை மாதத்தில் முறையிடுவோர் பலர். அது செடியின் குற்றமன்று. நட்டவர் பார்த்த நாளின் குற்றம். கார்த்திகையின் நடுப்பகுதியில் நாற்றுமேடை போட்டு, மார்கழியில் நட்டால், தைப் பிற்பகுதியிலும் மாசியிலும் பூத்துக் காய் பிடிக்கும். மாசிக் கடைசியில் பழம் எடுக்கலாம்.

கார்த்திகை மாரிக்காலமாகையால், நாற்றுமேடை அரையடிக்கும் மேலாக உயர்ந்திருத்தல் வேண்டும். அகலம் மூன்றடி, இரு பக்கத்திலும் நின்று நடுவே கை எட்ட அது போதும். மேடையின் மேல் வைக்கோலும் உமியுமாக அடுக்கிக் காற்றுக்கு எதிர்த்திசையில் தீயிட்டு மெல்ல எரியவிடுவது நல்ல வழக்கம். மேல்மண்ணிலுள்ள அழுகல் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அச்சூட்டில் ஒழியும். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். பரப்பொன்றுக்கு 500 கன்றளவில் வேண்டுமாகையால், மூன்று கிராம் விதை தாராளம். நாலு அங்குல இடைவெளியில் கோடு கீறி, அரை அங்குல ஆழத்தில் ஐதாக இட்டு, மண் மூடி, வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளிக்கவேண்டும். ஆறேழு நாளில் முளை தெரிந்தவுடன் வைக்கோலை எடுத்துவிடுங்கள். எடுக்கத் தாமதித்தால் முளைகள் வெளிறி நீண்டு, தண்டு நைந்து விழும்.

முளை வந்த அன்றே மெல்லிய வலையால் மேடையை மூடுதல் நன்று. வெண் ஈ என்னும் சிறு பூச்சி இலைச்சுருள் வைரசைக் கொண்டுவருவது இந்த இளம் பருவத்திலேதான். நாற்றிலே அந்நோய் பற்றிய கன்று பின்னர் எவ்வளவு பசளை இட்டாலும் தலை தூக்காது. மார்குளோப்புக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இல்லை. வலையின் விலையைப் பார்ப்போர், ஒரு தறைக் கன்று முழுவதும் சுருண்டு நிற்பதையும் ஒரு முறை பார்த்தால் போதும்.

நாலைந்து இலை வந்த கன்றை, மூன்று வாரம் கழிந்ததும் நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்னரே தண்ணீரைக் குறைத்து, வலையைச் சிறிது சிறிதாக நீக்கிக் கன்றை வெயிலுக்குப் பழக்குக. மாலை வேளையில், வரிக்கு வரி இரண்டரை அடியும் கன்றுக்குக் கன்று இரண்டடியுமாக நடவேண்டும். தக்காளித் தண்டுக்கு ஓர் இயல்பு உண்டு: மண்ணுள் புதைந்த பகுதியெல்லாம் வேர் விடும். ஆகவே முதலிலைகள் வரை ஆழமாகப் புதைத்து நடுவது பயன் தரும்.

அடிப்பசளையாக நன்கு உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இடுக. பூவரசங் குழையும் கிளிசரியாக் குழையும் தாழ்க்கும் வழக்கத்தைக் கைவிட்டோர் அதை மீண்டும் தொடங்கலாம். இரசாயனப் பசளையை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். 2021இல் அதன் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்ததனால் வந்த தொல்லையையும், அத்தடை அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டதையும் அறிவோம். ஆனால் யூரியாவை அள்ளி வீசுவது தக்காளிக்கு ஆகாது. நைதரசன் மிகுந்தால் இலை பெருகும், காய் குறையும். அதனினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. நம் தோட்டத்துக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். செடி உண்ணாத பசளை நைத்திரேற்றாகக் கரைந்து நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேற்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டுள்ளனர். அந்தக் கிணற்று நீரைத்தான் குழந்தைகளும் குடிக்கின்றனர். ஆதலால் விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவை மீறாமல், அதையும் ஒரேயடியாக இடாது, நட்ட பின்னரும் பூக்கும் பருவத்திலுமாகப் பிரித்து இடுக.

மார்குளோப் நாலைந்து அடிக்கு மேல் உயரக்கூடியது. நட்டு மூன்று வாரத்தில் கன்றுக்கு ஒரு தடி ஊன்றி, வாழைநாரால் எட்டின் வடிவில் தளர்த்திக் கட்டவேண்டும். ஒரு வளையம் தடிக்கு, மற்றொன்று தண்டுக்கு. இலைக் கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளை விரலளவாய் இருக்கும்பொழுதே கிள்ளி, இரண்டு தண்டுகளை மாத்திரம் வளரவிடலாம். சிலர் உற்சாகத்தில் இலைகளையும் கழித்துவிடுகின்றனர். அது தவறு. மார்குளோப்பின் இலைத் திரை பழத்துக்குக் குடை. குடையைப் பறித்தால் பங்குனி வெயிலில் பழத்தோல் வெந்து வெளுக்கும். நிலத்தைத் தொடும் அடியிலைகளை மாத்திரம் நீக்கலாம். வளையம் வளையமாகக் கருகும் இலைநோய் அவ்விலைகளிலேதான் தொடங்குகிறது.

இக்கிள்ளுதலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுருட்டுப் புகைத்த கையோடும், புகையிலைச் செடியைத் தொட்ட கையோடும் தக்காளியைத் தொடாதீர்கள். புகையிலைச் சித்திரவடிவ வைரசு பாடம் செய்த புகையிலையிலும் அழியாமல் இருக்கும். கையிலிருந்து செடிக்குத் தாவும். சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவினால் போதும். பாலில் கையை நனைத்துக்கொள்வதும் இவ்வைரசைத் தடுக்கும் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. பால் விலையைப் பார்க்கும்போது சவர்க்காரமே மேல்.

இனி, இவ்வுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ‘வாடல் நோயைத் தாங்கும் இனம்’ என்று கேள்விப்பட்டு மார்குளோப்பை நடுவோர், ஒரு நாள் காலையில் பச்சை இலையோடு செடி துவண்டு நிற்கக் கண்டால், விதை பொய்யென்று எண்ணுவர். விதை பொய்யன்று. வாடல் பல வகை. மார்குளோப் தாங்குவது அவற்றுள் ஒன்றை. அதையும் முற்றாகத் தடுப்பதில்லை, நோய் இருந்தும் காய்க்கும் வலுவைத்தான் பெற்றிருக்கிறது. ஆகவே வாடிய செடி எந்த வாடலால் வாடியது என்பதைக் கண்டறிதல் வேண்டும். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கத்தியும் கண்ணாடிக் குவளையும் போதும்.

செடி மெல்ல மெல்ல, அடியிலையிலிருந்து மஞ்சளாகி, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முதலில் வாடுமாயின், தண்டை நீளவாட்டில் பிளந்து பாருங்கள். தோலுக்கு உட்புறத்தில் கபில நிறக் கோடுகள் ஓடியிருந்தால் அது பியூசேரியம் பங்கசு வாடல். பிரிச்சார்ட் எதிர்த்துப் போராடியது இதனோடுதான்.

இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்பொழுதே இரண்டொரு நாளில் செடி முழுவதும் துவண்டால், ஐயம் வேறு. அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள குவளையில், வெட்டுமுகம் நீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணூல்கள் கீழே இறங்குமானால், அது பற்றீரியா வாடல். அந்நூல் ஒவ்வொன்றும் எண்ணற்ற பற்றீரியாக்கள். இந்நோய்க்கு மார்குளோப் தலைவணங்கிவிடும். மருந்தும் இல்லை. செடியை வேரோடும் சுற்றுமண்ணோடும் எடுத்து எரிக்கவேண்டும். மண்வெட்டியைக் கழுவவேண்டும். அச்செடியின் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீர் ஓடாமல் வாய்க்காலை மறிக்கவேண்டும். ஏனெனில் இந்நோய் நீரோடு நடக்கும். வாடிய செடியைப் பிடுங்கி வரம்பிலே எறிந்துவிட்டு இறைப்பைத் தொடரும் வழக்கம் ஒரு வாரத்தில் ஒரு வரியையே தின்றுவிடும்.

மதியத்தில் வாடி மாலையில் நிமிரும் செடியைப் பிடுங்கினால், வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருக்கக் காணலாம். அது வேர்முடிச்சு வட்டப்புழு. முடிச்சும் இல்லை, கோடும் இல்லை, நூலும் இல்லையெனின், செடிக்குத் தாகம், தண்ணீர் விடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன குடும்ப உறவு இங்கேதான் வருகிறது. பற்றீரியா வாடலும் வேர்முடிச்சுப் புழுவும் அக்குடும்பத்து உறுப்பினரெல்லாரையும் பிடிப்பவை. புகையிலைக்குப் பின் தக்காளி, தக்காளிக்குப் பின் கத்தரி, பின்னர் மிளகாய் என்று ஒரே தறையில் நட்டுவருவது பயிரை மாற்றுவது ஆகாது. நோய்க்கு வேளைக்கு வேளை விருந்து வைப்பதாகும். வெங்காயமோ குரக்கனோ சோளமோ விளைந்த தறையில் தக்காளியை வையுங்கள். வேலியோரத்தில் தானாக முளைக்கும் மணத்தக்காளி கீரைக்கு நல்லதுதான்; ஆனால் தக்காளித் தறைக்குள் அதை விட்டுவைக்க வேண்டாம். பற்றீரியா வாடல் ஏற்கெனவே குடிகொண்ட தறையாயின், மார்குளோப்பை விடுத்து, அந்நோயைத் தாங்குமென நம் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ‘திலின’ போன்ற இனத்தை நடுவதே அறிவு. அதுவும் விதை பிடிக்கத்தக்க இனமே.

நீரிறைப்பைப் பற்றி இரண்டு சொற்கள். பழத்தின் அடிப்பாகம் கறுத்துக் குழிவதைக் கண்டு மருந்துக் கடைக்கு ஓடுவோர் உளர். அது கிருமியால் வருவதன்று. பழத்துக்குக் கல்சியம் போய்ச் சேராமையால் வருவது. நம் செம்பாட்டிலே கல்சியத்துக்குக் குறைவேது என்று கேட்கலாம். மண்ணில் இருந்தென்ன, அதைச் சுமந்து செல்வது நீரல்லவா? பத்து நாள் காயவிட்டு, பின்னர் பாத்தி நிரம்பப் பாய்ச்சினால், இடையில் பழம் பட்டினி கிடக்கிறது. மூன்று நாளைக்கொரு முறை அளவாக, காலையில், இலை நனையாமல் வேரடிக்கு விடுக. வைக்கோலோ காய்ந்த குழையோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

பூக்கும் காலத்தில் காலை ஒன்பது பத்து மணியளவில் தடிகளை மெல்லத் தட்டிக்கொண்டு போவது சிறு வேலை, பெரும் பயன். தக்காளிப் பூவின் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. அதிர்வு பட்டால்தான் கொட்டும். தேனீக்கு அவ்வித்தை தெரியாது. மரத்தைத் துளைக்கும் கரிய வண்டுத்தேனீக்குத் தெரியும். அது வந்தால் விரட்டாதீர்கள். காய்துளைக்கும் புழுவைக் காலையில் தேடிக் கையால் எடுத்தல் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானது.

தூரச் சந்தைக்குப் போகும் பழத்தை நுனியில் நிறம் மாறத் தொடங்கியவுடன் பறிக்கலாம். வீட்டுக்கு வேண்டியதைச் சிவந்த பின் பறிக்கலாம். எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டு ஒரே வாரத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகத்துக்கும் கூடை கூடையாய்க் கொண்டுவந்தால் விலை என்னாகும் என்பதைக் கமக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தறையை இரண்டாகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் நடுவது ஒரு தற்காப்பு.

இறுதியாக விதை. பழத்தைப் பார்த்து விதை எடுக்காதீர்கள்; செடியைப் பார்த்து எடுங்கள். நோயற்று, ஒழுங்காகக் காய்த்து, மார்குளோப்பின் உருண்டை வடிவம் பிசகாத செடிகள் நாலைந்தை, காய்க்கும் பருவத்திலேயே தெரிந்து துணித்துண்டு கட்டி வையுங்கள். மிகப் பெரிய பழம் ஒன்று எங்கோ ஒரு வாடற்செடியில் இருக்கலாம். அதன்மேல் ஆசை வேண்டாம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆயினும் வேற்றினத் தக்காளியை அருகில் வைக்காமலிருப்பது காவல். அடையாளமிட்ட செடியின் இரண்டாம் மூன்றாம் குலைப் பழங்களை நன்றாகப் பழுக்கவிட்டுப் பறித்து, குறுக்கே வெட்டி, விதையைச் சாற்றோடு மண்பாத்திரத்தில் பிதுக்கி, நீர் சேர்க்காமல் இரண்டு நாள் மூடிவைக்கவேண்டும். புளித்து நுரை கட்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு நீங்கும். நம் வெப்பத்தில் மூன்றாம் நாளுக்கு வைத்தால் உள்ளேயே முளைக்கத் தொடங்கிவிடும். பின்னர் நீர் விட்டுக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். கழுவி, பீங்கானில் பரப்பி, நிழலிலே அடிக்கடி கிளறி உலர்த்துக. கடதாசியில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாரம் உலர்ந்த விதையைச் சிறு போத்தலில் இட்டு, அடியில் நன்றாக உலர்த்திய கரித்துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து வைத்து, இறுக மூடிக் குளிர்ந்த இருட்டான இடத்தில் வைத்தால் மூன்று நான்கு ஆண்டு வரை முளைக்கும். போத்தலின் மேல் இனத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள். எந்தத் தறையில் விளைந்த விதை என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்த கார்த்திகையில் எத்தறையை விலக்கவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.